ஏன் இத்தனை தாமதம்? உண்மைக் கொலை வழக்குகளும் தொலைக்காட்சி நாடகமும்

கற்பனையான துப்பறியும் கதையை வாசிப்பவன் கடைசி அத்தியாயம் வரையில் கொலையாளி யார் என்ற ஒரே கேள்வியைப் பற்றிக்கொண்டு போகிறான். உண்மையில் நடந்த தொடர்கொலைகளைச் சித்திரிக்கும் தொலைக்காட்சி நாடகத்தின் முன் உட்காருகிறவனுக்கோ அந்தக் கேள்வியே எழுவதில்லை. குற்றவாளியின் பெயரும் முகமும் அவன் அடைந்த தண்டனையும் பத்திரிகைகளில் வெளியாகிப் பல வருஷங்கள் ஆகியிருக்கும். ஆகவே இவ்வகை நாடகத்தின் ஜீவன் வேறொரு கேள்வியில் குடிகொண்டிருக்கிறது: இவனைப் பிடிக்க ஏன் இத்தனை காலம் ஆயிற்று? சென்ற முப்பது வருஷங்களில், முக்கியமாக இங்கிலாந்தின் ஐடிவி ஸ்தாபனம் அளித்த நாடகங்களை வரிசையாக நோக்கினால், இதற்கு நேர்மையாக விடை தேடியவையே உயர்ந்து நிற்கின்றன என்பது என் திடமான அபிப்பிராயம்.

இக்கேள்வியின் முழுக் கனத்தையும் உணர்த்துவது யார்க்ஷயர் வழக்கு. 1975-க்கும் 1980-க்கும் இடையே 13 பெண்களைக் கொன்ற பீட்டர் சட்கிளிஃபைப் போலீஸார் 9 தடவை விசாரித்திருந்தார்கள். ஆயினும் லீட்ஸ் நகரத்து விசாரணை அறையில் குவிந்துகிடந்த எண்ணற்ற குறிப்பட்டைகளில், ஓர் அட்டையில் எழுதப்பட்ட சந்தேகம் மற்றோர் அட்டையில் எழுதப்பட்ட சாட்சியத்தோடு சேராமலே போயிற்று. 1979-ல், கொலையாளி தானே என்று சொல்லிக்கொண்டு எவனோ அனுப்பிய ஒலிநாடாவைத் தலைமை அதிகாரி ஜார்ஜ் ஓல்ட்ஃபீல்ட் பூரணமாக நம்பினார். அந்த நாடாவில் ஒலித்த சண்டர்லண்ட் பிரதேசத்து உச்சரிப்பு இல்லாதவர்கள் சந்தேகத்துக்குத் தப்பினார்கள், சட்கிளிஃபும் தப்பினான். கடைசியில் 1981 ஜனவரியில், ஷெஃபீல்டில் போலி நம்பர் பலகை மாட்டிய காரில் இருந்தபோதுதான் அவன் அகப்பட்டான்.

இவ்வழக்கை இரண்டு நாடகங்கள் இருவேறு கோணங்களில் அணுகின. 2000-ல் வெளிவந்த ‘திஸ் இஸ் பெர்சனல்’, ஆலன் ஆம்ஸ்ட்ராங் நடித்த ஓல்ட்ஃபீல்டின் அந்தரங்க வீழ்ச்சியை ஒரு தனிமனித சோகமாக வடித்தது. 2023-ல் வந்த ‘தி லாங் ஷேடோ’ அதைவிட ஆழமாகச் சென்றது என்பேன். கொலையாளிக்குப் பத்திரிகைகள் சூட்டிய பட்டப்பெயரையே முதலில் தலைப்பாகக் கொண்டிருந்து பின்னர் மாற்றிக்கொண்ட அந்நாடகம், இறந்த பெண்களை ஒழுக்கமுள்ளவர்கள் என்றும் ஒழுக்கமற்றவர்கள் என்றும் தரம் பிரித்து, உயிர் தப்பியவர்கள் சொன்ன அங்க அடையாளத்தையும் புறக்கணித்த மனோபாவமே தாமதத்தின் மூலகாரணம் என்பதை, அப்பெண்களின் வீட்டுக்குள்ளேயும் வறுமைக்குள்ளேயும் நம்மை அழைத்துச் சென்று நிரூபிக்கிறது.

தாமதத்துக்கு அலட்சியம் காரணமாவதுபோலச் சித்தாந்தமும் காரணமாகலாம். 1995-ல் ஹெச்பிஓ தயாரித்த ‘சிட்டிசன் எக்ஸ்’, சோவியத் நாட்டின் ரஸ்தோவ் பிரதேசத்தில் நிகழ்ந்த தொடர்கொலையாளி சிகட்டிலோவின் வழக்கை எடுத்துக்கொண்டது. இப்படிப்பட்ட கொலையாளி முதலாளித்துவ நாடுகளில்தான் தோன்றுவான் என்று சாதிக்கும் மேலதிகாரிகளுக்கிடையே, ஸ்டீஃபன் ரே நடித்த புரகோவ் என்ற அதிகாரி வருஷக்கணக்கில் போராடுகிறார். 1984-ல் பிடிபட்ட சிகட்டிலோ ரத்தப் பரிசோதனை பொருந்தவில்லையென்று விடுதலை பெற்று, 1990 வரையில் கொலைகளைத் தொடர்ந்தான். 1992-ல் 52 கொலைகளுக்காக அவனுக்குத் தீர்ப்பு வழங்கப்பட்டபோது, அவனுடைய முதற் கொலைக்காக வேறொருவன் மரண தண்டனை அடைந்து ஒன்பது வருஷங்கள் கடந்திருந்தன.

2019-ல் ஐடிவி அளித்த இரு நாடகங்கள் சேர்த்துப் பார்க்கத் தக்கவை. ‘மேன்ஹன்ட்’டில் மார்ட்டின் க்ளூன்ஸ் நடித்த காலின் சட்டன் என்ற அதிகாரி, 2004-ல் ட்விக்கன்ஹம் பசும்திடலில் நடந்த கொலையை ஆராய்பவர். கண்காணிப்புக் காமிராக்களின் படங்களை இரவும் பகலும் சலித்து, ஒரு வெள்ளை வேனைத் தேடி, லீவை பெல்ஃபீல்டை அவர் எட்டும் கதையில் கொலையாளி திரையில் தோன்றுவதே அபூர்வம். பொறுமையே அங்கே கதாநாயக லட்சணம். ‘எ கன்ஃபெஷன்’ இதற்கு எதிர்த்துருவம். 2011-ல் ஸ்விண்டனில், காணாமற்போன பெண் உயிரோடிருக்கக்கூடும் என்ற நம்பிக்கையில், ஸ்டீவ் ஃபுல்ச்சர் என்ற அதிகாரி சட்டம் விதித்த எச்சரிக்கையைச் சொல்லாமலே கைதியை விசாரிக்க, அவன் இரண்டு பிரேதங்கள் கிடந்த இடங்களைக் காட்டினான். நீதிமன்றமோ அந்த வாக்குமூலத்தை நிராகரித்தது. இரண்டாம் கொலைக்கான தண்டனை 2016-ல்தான் கிடைத்தது. அதிகாரி உத்தியோகத்தை ராஜிநாமா செய்தார். கைதியைக் காக்கும் விதியும் தாயின் துயரமும் மோதும் இடத்தில் நாடகம் தீர்ப்புக் கூற அவசரப்படவில்லை.

‘டெஸ்’ (2020) இக்கேள்வியைத் தலைகீழாக்குகிறது. 1983-ல் லண்டனில் கைதானவுடனே டெனிஸ் நில்சன் குற்றங்களை ஒப்புக்கொள்கிறான். இறந்தவர்களின் பெயர்கள்தான் கிடைக்கவில்லை. இளைஞர்கள் பலர் மறைந்தும், அவர்களைத் தேடிப் புகார் செய்ய ஆளில்லாமல் 1978 முதல் கொலைகள் நடந்தேறின. பீட்டர் ஜே என்ற அதிகாரி பெயர்களுக்காகப் படும் பிரயாசையே நாடகத்தின் தர்மம். ஆனால் நில்சனாக வரும் டேவிட் டென்னன்ட்டின் அபாரமான நடிப்பு நம் கவனத்தைக் கொலையாளியின்மேல் கட்டிவைப்பதை ஒரு குறையாகவே சொல்ல வேண்டும்.

யார்க்ஷயரின் படிப்பினையிலிருந்து ஹோம்ஸ் என்னும் கம்ப்யூட்டர் முறையைப் பிரிட்டிஷ் போலீஸ் இலாகா ஏற்படுத்திக்கொண்டது. அட்டைகளின் குறையை யந்திரம் போக்கியது. ஏழைப் பெண்ணின் சாட்சியத்தை இளப்பமாக எண்ணும் குறையைப் போக்க யந்திரம் எதுவும் இல்லை. அந்தப் பணியை ஓரளவேனும் செய்யக்கூடியது கலைதான். ஆகையால் இத்துறையில் இனி எழுதப் புகுவோர், கொலையாளியின் மனத்தை ஆராயச் செலவிடும் சிரத்தையில் பாதியையாவது, முதற் புகாரைக் கேட்டும் கேளாததுபோல் இருந்த உத்தியோகஸ்தரின் மனத்தை ஆராய்வதில் செலவிட வேண்டும்.