தன கோபால முகர்ஜியின் யானையும் புறாவும்

விலங்குகளைப் பாத்திரங்களாக்கிக் குழந்தைகளுக்குக் கதை சொல்வது நம் தேசத்துக்குப் புதிதன்று. பஞ்சதந்திரத்தில் நரி ராஜதந்திரம் பேசிற்று, ஜாதகக் கதைகளில் யானையும் மானும் தர்மம் போதித்தன. ஆனால் அந்த நரியின் தோலை நீக்கிப் பார்த்தால் உள்ளே இருப்பவன் ஒரு மந்திரிதான். நரியை நரியாகவே, அதன் மூக்கும் பசியும் பயமும் சிறிதும் மாறாமல், ஒரு முழு நாவலுக்கு நாயகனாக்குவது வேறு வித்தை. அந்த வித்தையில் தேர்ந்த இந்தியர் ஒருவர், அமெரிக்காவில் இருந்துகொண்டு, 1920-களிலேயே ஆங்கிலத்தில் எழுதி, அந்நாட்டுக் குழந்தைகள் இலக்கியத்தின் மிகப் பெரிய விருதையும் பெற்றார். அவரே தன கோபால முகர்ஜி.

1890-ல் கல்கத்தாவுக்கு அருகே ஒரு காட்டோரக் கிராமத்தில், கோயில் பூஜை பாத்தியதை உள்ள பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். தமையனார் ஜாதுகோபால் முகர்ஜி வங்கப் புரட்சியாளர்களுள் ஒருவர். தம்பி தன கோபாலரோ யந்திரத் தொழில் கற்க ஜப்பானுக்குச் சென்றார். அங்கே தொழிற்சாலையில் விபத்தில் அடிபட்ட தொழிலாளி ஒருவனைப் பற்றி யாரும் கவலைப்படாமல் அவன் இடத்தில் உடனே வேறொருவனை நிறுத்தியதைக் கண்டு, யந்திர நாகரிகத்தின் மீதே வெறுப்புற்று, கப்பலேறி ஸான்பிரான்ஸிஸ்கோ சேர்ந்தார். பொழுது விடிந்தால் விசைத்தறியின் ஓசையோடு கண் விழிக்கும் எங்கள் ஆர்.கே.பேட்டைக்காரர்களுக்கு அந்த வெறுப்பின் நியாயத்தை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வயல்களில் கூலி வேலை செய்தும் படிப்பை விடாமல், 1914-ல் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையில் பட்டம் பெற்றார். பால்யத்தில் பார்த்த காடும் காட்டு ஜீவன்களும் நாவல்களாக வெளிவரத் தொடங்கியது அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான்.

முதலில் வந்தது 1922-ல் ‘காரி என்னும் யானை’. ஐந்து மாதக் குட்டி யானையும் ஒன்பது வயதுச் சிறுவனும் சேர்ந்து வளரும் கதை. வீட்டில் வாழைப்பழம் அடிக்கடி காணாமற்போகிறது; பழி முதலில் வேலைக்காரர்மேலும் பிறகு சிறுவன்மேலும் விழுகிறது; ஒரு நாள் ஜன்னல் வழியாகக் கறுத்த பாம்பு போன்ற ஏதோ ஒன்று நுழைந்து, பழத்தை எடுத்துக்கொண்டு மறைவதைப் பையனே பார்த்துத் திகைக்கிறான். அது காரியின் துதிக்கை. இங்கே ஆசிரியர் யானையின் மனத்துக்குள் புகுந்து, அது என்ன நினைத்தது, எப்படித் திட்டமிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை; துதிக்கையை மாத்திரம் காட்டி நிறுத்திக்கொள்கிறார். அந்த அடக்கம் கைவந்த எழுத்தாளருக்கே சாத்தியம்.

அவருடைய சிகரம் 1927-ல் வெளிவந்து, மறு ஆண்டு நியூபெரி பதக்கம் பெற்ற ‘சித்ரக்ரீவன்’ என்னும் புறாவின் சரித்திரம். போரிஸ் ஆர்ட்ஸிபாஷெப் வரைந்த சித்திரங்களோடு வந்த நூல். அதில் கூட்டைச் சுத்தம் செய்வதற்காக முட்டைகளை எடுத்து வைக்கும் சிறுவன் முகத்தில் தந்தைப் புறா பாய்ந்து தாக்க, அவன் கையிலிருந்த முட்டை விழுந்து உடைந்துபோகிற கட்டம் ஒன்று உண்டு. எஞ்சிய முட்டையிலிருந்து வருவதே நாயகன். அதன் பிறகு குஞ்சுக்குத் தாயும் தந்தையும் மாறி மாறித் தம் கழுத்துப் பையில் ஊறும் பாலை ஊட்டுவதையும், பறக்கத் தயங்கும் குஞ்சைப் பெரியவை விளிம்புக்கு நெருக்கித் தள்ளுவதையும் அவசரமின்றி வர்ணித்துக்கொண்டே போகிறார். எங்கள் ஊர் மாடிகளில் சீழ்க்கையடித்துப் புறா விடும் பையன்களுக்கு இவையெல்லாம் பிரத்யட்சம்; வானத்தின் உச்சியில் இறகை மடக்கிப் பின்பக்கமாகக் குட்டிக்கரணம் போட்டு, தரை நெருங்குமுன் சட்டென்று நிமிர்ந்துகொள்ளும் கர்ணப் புறாவை அவர்கள் நாள்தோறும் காண்கிறார்கள். சித்ரக்ரீவனின் தகப்பன் அந்த ஜாதியே. தாய் தபால் புறா.

இப்படிப் பறவையின் சரீரத்தை முழுவதும் நமக்குப் பழக்கிய பிறகுதான், கதையின் சில அத்தியாயங்களைப் புறாவே சொல்லட்டும் என்று விட்டுவிடுகிறார் முகர்ஜி. என் அபிப்பிராயத்தில் இதுவே அவர் கலையின் ரகஸ்யம். எடுத்த எடுப்பில் புறா பேசியிருந்தால் அதுவும் பஞ்சதந்திரத்துப் புறாவாகவே போயிருக்கும்; அலகும் இறகும் இரைப்பையும் நமக்குத் தெரிந்துவிட்ட பின் பேசுவதால், அந்தக் குரல் வானத்தின் உயரத்திலிருந்தே வருகிறது, பருந்தின் நிழல் விழுந்தவுடன் நம் வயிறும் சேர்ந்து கலங்குகிறது. கிப்ளிங்கின் காட்டில் சட்டமும் சபையும் உண்டு, அழகாகவும் இருக்கும். முகர்ஜியின் காட்டில் அதிகாரம் செலுத்துவது பயம் ஒன்றே. பருந்தைக் கண்டு அஞ்சிய புறா இமயமலைச் சாரலில் லாமாக்களின் மடத்தில் மீண்டும் தெம்பு பெறுகிறது. பிறகு கோண்ட் என்னும் வேடனோடு பிரான்ஸ் தேசத்துப் போர்முனைக்குச் சென்று, செய்தி சுமந்து, குண்டுச் சத்தத்தில் நடுங்கி, பறக்கவே விரும்பாத பறவையாகத் திரும்பி, மறுபடியும் அதே மடத்தில் குணமாகிறது.

போர் அத்தியாயங்கள் எனக்கு அத்தனை நிறைவளிக்கவில்லை. கல்கத்தாவின் மொட்டைமாடியை எழுதுகையில் இருந்த தொட்டறிந்த நிச்சயம் பிரான்ஸின் பதுங்குகுழிகளில் இல்லை. உபதேசமும் சற்றே தூக்கலாகிவிடுகிறது. அடுத்தடுத்து வந்த ‘வேடன் கோண்ட்’ (1928), யானை மந்தையின் தலைவனைப் பற்றிய நாவல் (1929) ஆகியவற்றில் அவர் திரும்பவும் காட்டுக்கே வந்துவிட்டது நல்லதாயிற்று. மந்தை நாவலில் மனிதர்களுக்கு இடம் மிகக் குறைவு; அதனாலேயே அது அவருடைய கலைக்குச் சரியான களம்.

பயத்தை வெல்வதைப் பற்றி இவ்வளவு எழுதியவர் 1936-ல், நாற்பத்தாறாம் வயதில், நியூயார்க்கில் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். அதைக் கொண்டு நூல்களை எடை போடுவது தகாது. மடத்து அத்தியாயங்களை அவர் எவ்வளவு தேவையோடு எழுதியிருப்பார் என்று மட்டும் நினைத்துக்கொள்கிறேன்.

சோளிங்கர் மலைப்படியில் குரங்குக்குப் பயந்து தாயின் முந்தானையைப் பிடித்துக்கொள்ளும் வயதுக் குழந்தைக்குக் காரியின் கதையைப் படித்துச் சொல்லலாம். சித்ரக்ரீவனை, பத்து வயதானதும் தானே வாசிக்கக் கொடுத்துவிடலாம்.