கைபேசியில் முளைக்கும் கடற்பாசி

கைபேசியின் காமிராவை ஒரு வெற்றுத் தரையை நோக்கிப் பிடிக்கிறீர்கள். திரையில் அந்தத் தரை அப்படியே தெரிகிறது. ஆனால் அங்கே இல்லாத ஒரு செடியும் நிற்கிறது! நீங்கள் சுற்றி நடந்தால் செடியின் மறுபக்கமும் தெரிகிறது. இதைத்தான் ‘ஆக்மென்டட் ரியாலிட்டி’ என்கிறார்கள். தமிழில் ‘மிகை மெய்ம்மை’ எனலாம். 2016ஆம் ஆண்டில் ‘போக்கிமான் கோ’ என்ற விளையாட்டு இந்த உத்தியை உலகெங்கும் பரப்பியது. அதே ஆண்டுக் கோடையில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், சுற்றுச்சூழலைப் பற்றிப் பேச இதைக் கையாண்டார் ஒரு கலைஞர். அவருடைய இரண்டு படைப்புகளை இங்கே ஆராய்வோம். நானும் இவற்றைப் படங்களிலும் காணொளிகளிலுமே கண்டிருக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கலைஞரின் பெயர் டமிக்கோ தீல். பொறியியல் கற்றவர். 1980களில் 65,536 சிறு செயலிகளை ஒருங்கே இயக்கிய ‘கனெக்ஷன் மெஷின்’ என்ற புகழ்பெற்ற கணிப்பொறிக்கு வெளித்தோற்றம் வடிவமைத்த குழுவை நடத்தியவர். ஆகவே அவருடைய கலையை அறிவியல் கண்ணோடு பார்க்க நமக்கு உரிமை உண்டு அல்லவா?

சியாட்டில் கலைக்கூடம் நடத்தும் ஒலிம்பிக் சிற்பப் பூங்கா, கடலை ஒட்டி 9 ஏக்கர் பரப்பில் உள்ளது. முன்பு அங்கே ஓர் எண்ணெய்க் கம்பெனியின் கிடங்குகள் இருந்தன. நஞ்சேறிய மண்ணைச் சீர்செய்து, 2007இல் பூங்காவாகத் திறந்தார்கள். அங்கேதான் தீல் ‘கார்டன்ஸ் ஆஃப் தி ஆந்த்ரோபொசீன்’ என்ற படைப்பை அமைத்தார். மனிதன் மாற்றிவிட்ட புவியின் தோட்டங்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். வெப்பம் மிகுந்த வருங்காலத்தில் அவ்வட்டாரத் தாவரங்கள் எப்படி மாறக்கூடும் என்பதே கற்பனை. கடலில் வாழும் ‘புல்விப் கெல்ப்’ என்ற பெரும்பாசி நிலத்துக்கு மேலே மிதக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நச்சுப்பாசி ஒன்று பூதாகாரமாய்ப் பருத்து நிற்கிறது. கைபேசிகளின் கதிர்வீச்சையே உணவாகக் கொள்ளும் பூக்களும் உண்டு.

காண விந்தையாகத்தான் இருக்கிறது. ஆனால் சற்றே கணக்குப் போட்டுப் பாருங்கள். கைபேசி அலையின் அதிர்வெண் விநாடிக்கு ஏறத்தாழ 200 கோடி. இலை உட்கொள்ளும் செந்நிற ஒளியின் அதிர்வெண்ணோ அதைப்போல் இரண்டு லட்சம் மடங்குக்கும் மேல். ஒரு துகளின் ஆற்றல் அதிர்வெண்ணைப் பொறுத்தது. எனவே ஒளிச்சேர்க்கைக்குத் தேவையான உந்துதலைக் கைபேசி அலைத்துகள் தரவே முடியாது. கற்பனைக்குக் கணக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். கலைஞர் இதைக் கேலியாகவே செய்திருக்கலாம். என் குறை அதுவன்று. இங்கே கற்பனை உண்மையைவிடச் சிறுத்துப்போய்விட்டது என்பதே.

அந்தப் பெரும்பாசியையே எடுத்துக்கொள்வோம். ஒரே ஆண்டு வாழும் இது, அதற்குள் 30 மீட்டர் உயரம்வரை வளரக்கூடியது. நீர்மட்டத்தில் நிற்பதற்காக உச்சியில் ஒரு காற்றுக் குமிழ் வைத்திருக்கிறது. அந்தக் குமிழினுள் இருக்கும் வாயுக்களில் ஒன்று கார்பன் மோனாக்சைடு! ஆம், மோட்டார் வண்டிப் புகையில் வரும் அதே நச்சு வாயுதான். சியாட்டிலை ஒட்டிய பியூஜெட் சவுண்ட் கடற்பகுதியில் இப்பாசிக் காடுகள் பல இடங்களில் அருகிவிட்டன. கரையில் நின்று கைபேசித் திரையைப் பார்ப்பவருக்கு இவற்றில் எதுவும் தெரியவராது. பறக்கும் பாசியை ரசித்துவிட்டு, எதிரே உள்ள கடலைப் பாராமலே அவர் திரும்பிவிடலாம்.

இன்னொரு குறையும் உண்டு. திறந்தவெளியில் இவ்வகை உருவங்களை நிறுத்த, செயற்கைக்கோள் தரும் இருப்பிடக் குறிப்பைப் பயன்படுத்துகிறார்கள். கைபேசியில் அக்குறிப்பு சில மீட்டர் பிசகும். செடி வேரூன்றி நிற்பதுபோல் தோன்றாமல் அங்குமிங்கும் நகரும். இடத்தைப் பற்றிய கலைக்கு இது சிறு குறையா?

இதே பூங்காவில் மார்க் டயன் என்ற கலைஞரின் ‘நியூகம் விவேரியம்’ இருப்பது ஒரு நல்ல ஒப்பீடு. 1996இல் காட்டில் விழுந்த ஒரு ஹெம்லாக் மரத்தின் 18 மீட்டர் நீளத் தண்டைக் கொண்டுவந்து கண்ணாடிக் கூடத்துக்குள் கிடத்தியிருக்கிறார். அது மட்கும், மட்க மட்க அதன்மேல் பாசியும் பூஞ்சையும் மரக்கன்றுகளும் வளரும். காட்டின் நிழலொளி கிடைக்கப் பச்சைக் கண்ணாடி, ஈரத்துக்குத் தனி ஏற்பாடு, பார்ப்பவர் கையில் ஓர் உருப்பெருக்கி. காட்டில் ஓசையின்றி நடப்பதை நகரில் நடத்த எத்தனை பாடு பாருங்கள்! ஒரு வாழிடத்தை இழந்தால் அதைத் திரும்பச் செய்வது எவ்வளவு கடினம் என்பது அங்கே கண்கூடு. மிகை மெய்ம்மைச் செடிக்கோ நீர் வேண்டாம், மண் வேண்டாம். அது சாவதும் இல்லை. சாகாத செடியைக் கொண்டு சூழலியல் பேசுவது எப்படி?

இக்கேள்விக்கு 2018இல் தீலே விடை தந்தார் என்பது என் கருத்து. நியூயார்க்கில் விட்னி கலைக்கூடத்தின் ஆறாம் மாடித் திறந்தவெளியில் அவர் அமைத்த ‘அன்எக்ஸ்பெக்டட் குரோத்’ என்ற படைப்பைத்தான் சொல்கிறேன். கருவியின் வழியே பார்த்தால் அந்த மாடியே கடலடியாகிவிடுகிறது. பிளாஸ்டிக் கழிவுகளே பவளத்திட்டாக வளர்கின்றன. வளர்ச்சியின் விதி, உயிரியலார் அரிஸ்டிட் லிண்டன்மேயர் 1968இல் வகுத்தது. மிக எளிமையானது; தாளில் நீங்களே செய்து பார்க்கலாம். ஒவ்வொரு முறையும் ‘அ’ இருக்கும் இடத்தில் ‘அஆ’ என்றும், ‘ஆ’ இருக்கும் இடத்தில் ‘அ’ என்றும் எழுதுங்கள். ‘அ’வில் தொடங்கினால் அஆ, அஆஅ, அஆஅஅஆ என்று நீளும். எழுத்துகளின் எண்ணிக்கை 1, 2, 3, 5, 8 என ஏறும். எழுத்துக்குப் பதில் கிளையை வைத்தால் பாசியும் பவளமும் மரமும் கிடைக்கும்.

இப்படைப்பின் உயிர்நாடி வேறோர் இடத்தில் இருக்கிறது. பார்ப்பவர் கூடக்கூடப் பவளம் நிறமிழந்து வெளுக்கிறது! உண்மைப் பவளம் வெளுப்பதற்குக் காரணம் வெப்பம். கடல்நீர் வழக்கமான கோடை உச்சத்தைவிட 1 டிகிரி மிகுந்து சில வாரம் நீடித்தாலே, தன்னுள் வாழ்ந்து உணவூட்டும் நுண்பாசிகளைப் பவளம் வெளியேற்றிவிடும். பார்வையாளர் எண்ணிக்கை வெப்பத்துக்கு ஈடாகாதுதான். ஆனாலும் ‘நான் வந்ததால் இது மாறியது’ என்று பார்ப்பவரை உணர வைக்கிறதே, அது எந்தச் சிற்பத்தாலும் எளிதில் இயலாது. இடப்பொருத்தமும் வலுவானது. ஹட்சன் ஆற்றங்கரையில் அக்கட்டிடம் எழும்பிக்கொண்டிருந்தபோதே, 2012இல் சாண்டி புயலின் வெள்ளம் அதன் அடித்தளத்துக்குள் புகுந்தது. அந்த மாடியைக் கடலடியாகக் காட்டுவதை வெறும் விளையாட்டு என்று தள்ளிவிட முடியவில்லை. வெப்பக்கடலுக்குரிய பவளத்தை விட்டுவிட்டு, அந்த ஆற்றுமுகத்தில் ஒருகாலத்தில் மண்டிக் கிடந்த சிப்பித் திட்டுகளை எடுத்திருந்தால் இன்னும் பொருந்தியிருக்கும்.

இவ்வகைப் படைப்புகளின் ஆயுள் எவ்வளவு? மெட்டா நிறுவனம் தன் ‘ஸ்பார்க் ஏஆர்’ என்ற கருவித்தொகுப்பை 2025 ஜனவரியில் மூடியபோது, பிறர் அதில் செய்துவைத்திருந்த உருவங்கள் ஒரே நாளில் மறைந்தன. ‘அன்எக்ஸ்பெக்டட் குரோத்’ படைப்பை விட்னி கலைக்கூடம் தன் சேகரிப்பில் சேர்த்திருக்கிறது. இனிப் புதிய கருவிகள் வரும்போதெல்லாம் அதன் நிரலை அவற்றுக்கேற்பத் திருத்தி எழுதியாக வேண்டும். சியாட்டிலின் ஹெம்லாக் தண்டுக்கு ஈரம் விடுவதைப் போலத்தான் அதுவும்.