மலைபடுகடாமும் எரிமலைப் பயணமும்

சென்ற விடுமுறைக்கு இலண்டனிலிருந்து மண்டூருக்கு வந்திருந்த பழைய மாணவர் ஒருவர், தாம் கிலிமாஞ்சாரோ எரிமலையில் ஏறப்போவதாகக் கூறி, பயண நிறுவனம் ஒன்று அனுப்பிய அச்சுத்தாள்களை என்முன் விரித்தார். எந்த நாள் எவ்வளவு உயரம் ஏறவேண்டும், எங்கே உறங்கவேண்டும், தலைவலியும் குமட்டலும் கண்டால் யாரிடம் சொல்லவேண்டும் என்பனவெல்லாம் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தன. கடைசிப் பக்கத்தில் கட்டண விபரம். இப்படியொன்று தமிழில் உண்டா என்று விளையாட்டாகக் கேட்டார். உண்டு என்று சொல்லி மலைபடுகடாத்தை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து நூலைத் திருப்பித் தந்தவர், "சேர், நீங்க இதை எங்களுக்கு இப்பிடிப் படிப்பிக்கல்லியே" என்றார்.

அந்தச் சொல் என்னைச் சுட்டது. ஏனெனில் அது உண்மை. பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டு, 583 அடிகள், பாடியவர் பெருங்கௌசிகனார், பாட்டுடைத் தலைவன் செங்கண்மாத்து நன்னன், மறுபெயர் கூத்தராற்றுப்படை, மலையை யானையாகவும் அதில் எழும் ஓசைகளை மதமாகவும் உருவகித்ததால் வந்த பெயர் - இவ்வளவையும் கரும்பலகையில் எழுதிப்போட்டு, இசைக்கருவிகளின் பெயர்களை மனனம் செய்வித்து, 'இயற்கை வருணனை' என்னும் தலைப்பின் கீழ் நாலு உவமைகளைச் சேர்த்துவிட்டால் நம் கடமை முடிந்தது. பரீட்சைக்கு அது போதும். பாட்டுக்குப் போதாது.

மலைபடுகடாத்தில் பேசுபவன் யார்? நன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் ஒரு கூத்தன். கேட்பவன் யார்? வறுமையோடு எதிரே வரும் மற்றொரு கூத்தன். நடந்து வந்தவன் நடக்கப் போகிறவனுக்குச் சொல்கிறான். அதற்கு அவன் கூலி வாங்கவில்லை. அவன் சொல்பவற்றை வருணனை என்று எப்படிக் கூறுவது? தினைப்புனத்தில் பன்றிக்காகப் பொறி வைத்திருப்பார்கள். ஆகவே இருட்டில் போகாமல் விடிந்த பின் போ என்கிறான். பாம்பு மறைந்து கிடக்கும் குழிகள் உண்டு, பார்த்து விலகு என்கிறான். பரண்மேல் நின்று விலங்குகளை விரட்டும் குறவர் எறியும் கவண்கல் எமன்போல வரும். மரங்களில் மறைந்து மறைந்து கட என்கிறான். காட்டாற்றங்கரை வழுக்கும்; பின்னிக் கிடக்கும் கொடியைப் பற்றிக்கொண்டு இறங்கு என்கிறான். குறவரே திகைக்கும் குன்றுகள் அவை. வழி தவறினால் வாத்தியத்தை ஒலித்தால் போதும். கானவர் தாமாகவே வந்து, பழம் தந்து, முன்னே நடந்து வழிகாட்டுவர். இச்செய்திகளில் ஒன்றேனும் அழகுக்காகச் சொல்லப்பட்டதன்று. ஒவ்வொன்றும் ஒரு காலைக் காப்பதற்காகச் சொல்லப்பட்டது.

கால் என்றேன். விறலியரின் கல்லில் தேய்ந்த அடிகளைப் புலவர் இளைத்த நாயின் நாக்குக்கு ஒப்பிடுகிறார். பெண்ணின் பாதத்தைத் தாமரையாகக் காண்பதற்கே பழகிப்போன நமது பண்டித மரபு இந்த உவமையின் முன் சிறிது நின்று யோசிக்கவேண்டும். மலையேறிக் களைத்த காலைக் கண்டவர் எழுதிய வரி அது. வாத்தியங்களைப் பைகளில் கட்டி, காய்த்த பலாவைப்போலத் தொங்கத் தொங்கச் சுமந்து செல்பவர்களும் அந்தக் கூத்தர்களேதான். அவரவர் பாரம் அவரவர் தோளில். மத்தளத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊருக்கு ஊர் நடந்த அண்ணாவிமாரைப் பற்றி நம் படுவான்கரை முதியவர்கள் சொல்லக் கேட்டவர்க்கு இது அந்நியமான காட்சியன்று.

உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்த ஆண்டு 1889. அதே ஆண்டு ஒக்ரோபர் மாதத்திலேதான் ஹன்ஸ் மேயர் என்னும் ஜேர்மானியர், லுட்விக் பூர்ட்செல்லர் என்பவரோடு கிலிமாஞ்சாரோவின் உச்சியை அடைந்தார். வெறும் தற்செயல்தான்; ஆயினும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். மேயர் 5,895 மீற்றர் உயரத்து உச்சிக்குக் கெய்சர் வில்ஹெல்மின் பெயரைச் சூட்டினார். அங்கே ஜேர்மனியின் ஆட்சி அப்போதுதான் காலூன்றிக்கொண்டிருந்தது. ஆகவே அப்பெயர் வெறும் பெயரன்று, ஓர் உரிமைப் பத்திரம். உணவும் விறகும் மேலே சுமந்து கொடுத்த ஆபிரிக்கர்கள் இல்லாமல் அந்த ஏற்றம் நடந்திராது. எனினும் உலகம் மனனம் செய்தது இரண்டு ஐரோப்பியப் பெயர்களையே. மேயருக்கு வழிகாட்டியவர் என அடிவாரத்து மக்கள் சொல்லிவந்த யோஹானி லாவோ என்னும் சாகா இனத்து முதியவர் பரவலாகப் போற்றப்பட்டது 1989இல், நூற்றாண்டு கொண்டாடியபோதுதான். தங்கனீக்கா 1961 டிசம்பர் 9ஆம் நாள் விடுதலை பெற்றபோது அலெக்சாண்டர் நியிரெண்டா என்னும் படை அதிகாரி அவ்வுச்சியில் புதிய கொடியையும் தீபத்தையும் நாட்டினார். கெய்சர் போய் 'உஹுரு' வந்தது. சுவாஹிலி மொழியில் அதற்குச் சுதந்திரம் என்பது பொருள்.

பெயர் மாறியது, சுமை மாறிற்றா? இன்று உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் அம்மலையில் ஏற அனுமதியில்லை. ஏறுபவர் ஒருவருக்கு மூன்று நான்கு சுமைகாரர் வரை செல்வதும் வழக்கம். ஒருவர் 20 கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாதென்று விதி உண்டு. விதி செய்யவேண்டி வந்ததென்றால் அதற்குக் காரணம் இருந்திருக்கும். மாணவர் கொண்டுவந்த தாள்களில் சப்பாத்துக்கு அரைப்பக்கம். சுமைகாரருக்கு ஒரு வரி.

அதற்காக மலைபடுகடாத்தைப் பொதுவுடைமைக் காவியமாக்கிவிட நான் துணியவில்லை. அவ்வாறு செய்வோர் நம்மிடையே இருக்கிறார்கள்; அவர்கள் பழமையைப் புகழும் பண்டிதரின் மறுபக்கமே. இந்தப் பாட்டின் வழிகளெல்லாம் நன்னனின் வாயிலில் போய் முடிகின்றன. மலை அவனுடையது, வழியில் சோறிடும் குடிகள் அவனுடையவர்கள் என்பது புலவரின் முடிந்த கருத்து. புலி பாய்ந்து மார்பில் புண்பட்ட கணவனுக்காகக் கொடிச்சி பாடும் பாட்டும் அங்கே மலையின் ஓசைகளுள் ஒன்றாகவே எண்ணப்படுகிறது. அருவியோசைக்கும் அதற்கும் வேற்றுமை இல்லை. தினையை விதைத்துக் காத்துக் குற்றுபவர், விருந்தளிக்கும்போது முகம் பெறுகின்றனர், பிறகு மறைந்துவிடுகின்றனர். கூத்தனின் பசியைப் புலவர் அறிந்த அளவுக்குக் குறவனின் பசியை அறிந்தாரா என்பது கேட்கத்தக்க கேள்வி.

எனினும் ஒன்று. கதிர்காமத்துக்கு உகந்தை வழியாகக் காடு கடந்து நடப்பவர்கள் நம் கோயிலிலும் தங்கிச் செல்வதுண்டு. முன்பு போனவர் முன்னே நடப்பார். தண்ணீர் எங்கே, யானை எங்கே என்று சொல்லிக்கொண்டே போவார். மூட்டை அவரவர் தலையில். நடந்தவன் சொல்லும் சொல்லுக்கு விலை இல்லாத அந்த உறவைத்தான் ஆற்றுப்படை இலக்கியமாக்கியது. இலக்கணம் பிறகு வந்து அதற்குப் பெயர் வைத்தது.

மாணவர் புறப்படுமுன் அந்த ஒற்றை வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் மூன்று கேள்விகளை எழுதினார்: சுமைகாரருக்கு நாட்கூலி எவ்வளவு, அவர்கள் எங்கே உறங்குவார்கள், நோய் கண்டால் அவர்களை யார் கீழே இறக்குவார்கள்? நிறுவனம் என்ன பதில் எழுதும் என்பதைப் பார்க்கக் காத்திருக்கிறேன். என் பங்குக்கு, இந்தத் தவணை வினாத்தாளிலிருந்து இசைக்கருவிகளின் பெயரை எழுதுக என்னும் வினாவை எடுத்துவிட்டு, மலைபடுகடாத்தில் சுமப்பவர் யார், யாருக்காகச் சுமக்கிறார் என்று கேட்டிருக்கிறேன்.