டிக் போடுகிற கை

அதுல் கவாண்டேயின் 'தி செக்லிஸ்ட் மேனிஃபெஸ்டோ' (2009) புத்தகத்தை சிம்பாங் ரெங்கத்தில், ஷிப்ட் இடைவேளைகளில் படித்து முடித்தேன். ஆபரேஷன் அறைக்கு 19 வரிப் பட்டியல் ஒன்று. எட்டு நகர மருத்துவமனைகளில் சோதித்தார்கள், இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8க்கு இறங்கியது. எனக்கு அங்கேதான் உறுத்தியது. எங்கள் ஃபேக்டரியிலும் செக்லிஸ்ட் இருக்கு. ஷிப்ட் முடியும்போது எல்லாக் கட்டத்துக்கும் ஒரே மூச்சில் டிக் போட்டுடுவோம்.

புத்தகத்தின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. 2001இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் பீட்டர் ப்ரோனோவோஸ்ட், ரத்தக்குழாயில் டியூப் செருகுவதற்கு ஐந்தே படிகள் எழுதினார். கை கழுவுவது முதல் படி. டாக்டர் ஒன்றைத் தாண்டினாலும் தாதி நிறுத்தலாம். நிர்வாகம் தாதி பக்கம் நிற்கும். (நம்மூர் மிஸ்ஸி டாக்டரிடம் "நில்லுங்க" என்று சொல்வதை நினைத்துப் பாருங்கள்.) கவாண்டே இதை மறைக்கவில்லை. ஆனால் தலைப்பிலிருந்தே மாலை விழுவது பட்டியலின் கழுத்தில்தான்.

ஒண்டாரியோவில் 101 மருத்துவமனைகளை ஆராய்ந்து 2014இல் வெளிவந்த கட்டுரை, பட்டியல் வந்த பிறகும் இறப்பு சொல்லும்படி குறையவில்லை என்றது. காகிதம் போய்ச் சேர்ந்தது, "நில்லுங்க" போய்ச் சேரவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

இருந்தாலும் ஒரு பக்கத்துக்காகவே இதைப் படிக்கச் சொல்வேன். பட்டியலைப் பயன்படுத்தியவர்களில் சுமார் 20 சதவீதம் பேர் அது சிரமம் என்றார்கள். உங்களுக்கே ஆபரேஷன் என்றால் வேண்டுமா என்று கேட்டபோது, 93 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள்.