கைவினைத் தலைப்பட்டையும் குதிரையின் முகமும்

காரைக்குடியைச் சுற்றியுள்ள சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்ட ஊர்களில் நடைபெறும் எல்கைப் பந்தயங்களில், அதாவது குறித்த எல்லையைத் தொட்டுத் திரும்பும் வண்டிப் பந்தயங்களில், மாட்டு வண்டிகளோடு குதிரை வண்டிகளும் ஓடுகின்றன. ஆகவே ஜட்கா எனப்படும் வாடகைக் குதிரை வண்டி அன்றாடப் போக்குவரத்திலிருந்து மறைந்த பின்னும் குதிரையின் தலைப்பட்டை இவ்வட்டாரத்தில் பயன்பாட்டுப் பொருளாகவே நீடிக்கிறது. காதுகளுக்குப் பின்னே படியும் உச்சிப்பட்டை, நெற்றிப்பட்டை, இரு கன்னப்பட்டைகள், தொண்டைப்பட்டை, மூக்குப்பட்டை ஆகியவை இணைந்து, வாயிலுள்ள கடிவாள இரும்பை அதன் இடத்தில் நிறுத்தும் அமைப்பே தலைப்பட்டை எனப்படுகிறது. கையால் செய்தது என்பதாலேயே அதைச் சிறந்ததென்று கொள்வோரும், தொழிற்சாலைப் பொருளுக்கு ஈடாகாதென்று ஒதுக்குவோரும், பட்டை முகத்தில் எவ்வாறு படிகிறது என்னும் முதன்மையான கேள்வியைத் தவறவிடுகின்றனர்.

கைவேலையின் தலையாய வலிமை அளவில் இருக்கிறது. ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதக் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் சந்தை போன்ற இடங்களில் மட்டக்குதிரைகளும் கத்தியவார், மார்வாரி இனக் குதிரைகளும் விலைக்கு வருகின்றன. அவற்றின் தலைகள் ஒரே அமைப்பினவல்ல. கத்தியவார்க் குதிரைக்கு நெற்றி அகன்றும் காதுகள் நுனியில் உள்வளைந்தும் இருப்பதால், வேறு இனத்தின் அளவுக்கு ஆயத்தமாக வெட்டிய நெற்றிப்பட்டை நீளம் போதாமல் உச்சிப்பட்டையை முன்னிழுத்துக் காதடியைப் புண்ணாக்கக்கூடும். தலையை அளந்து தைப்பவர் இக்குறையைத் தொடக்கத்திலேயே தவிர்த்துவிடலாம். ஆவாரம்பட்டையால் பதனிட்டு, வெயிலில் சிவந்துபோகாதிருக்கக் கடுக்காய்ச் சாறும் ஏற்றும் தமிழகத்துத் தோல் மரபு இவ்வேலைக்கு ஏற்றது. இத்தோல் வளைந்துகொடுத்து நாளடைவில் முகத்தின் வடிவுக்குப் படிகிறது, பழுதான பட்டையை மட்டும் மாற்றித் தைக்கவும் இடந்தருகிறது.

அளவெடுப்பு வெறும் கண்மதிப்பாகிவிட்டால் இவ்வலிமை முழுவதும் வீணாகிறது. குதிரையால் வாய்வழியே மூச்சுவிட இயலாது. ஆதலால் மூக்கெலும்பு முடிந்து மென்பகுதி தொடங்கும் இடத்துக்கு மூக்குப்பட்டை இறங்கினால், ஓட்டத்தில் காற்று மிகுதியாகத் தேவைப்படும் வேளையிலேயே அது தடைப்படும். முக நரம்பு கன்னத்தில் தோலுக்குச் சற்றே அடியில் செல்வதால், அங்கே அமையும் வளையமோ முடிச்சோ நெடுநேரம் அழுத்தினால் உதடு ஒருபக்கம் தொய்ந்துபோகவும் கூடும். நைலான் நாடா மலிவானது, மழையையும் தாங்குவது; ஆயினும் அது வியர்வையை உறிஞ்சாமல் தோலை உராய்வதோடு, குதிரை எங்கேனும் சிக்கித் தலையை இழுக்கும்போது அறாமல் பிடித்துக்கொண்டு காயத்தைப் பெரிதாக்குகிறது. தோற்பட்டையும் துடைத்து எண்ணெயிடப்படாவிட்டால் வியர்வையின் உப்பேறி விறைத்து வெடிக்கும். முள்ளும் புடைப்பும் உள்ள கடிவாளத்தையும் சேணத்தையும் வண்டி, சுமை விலங்குகளுக்கான 1965ஆம் ஆண்டு வதைத்தடுப்பு விதிகள் தடைசெய்கின்றன. பட்டையின் உட்புறம் துருத்தி நிற்கும் தையல்முடிச்சையும் இந்த விதியின் நோக்கத்தைக் கொண்டே மதிப்பிட வேண்டும்.

அலங்காரம் தனியே எடைபோடத்தக்கது. ஐயனார் கோயில்களில் மண்குதிரைகளைக் காணிக்கையாக எடுத்துச் செல்லும் புரவியெடுப்பு விழாவுக்காக வேளார் எனப்படும் குயவர் வனையும் சுடுமண் குதிரைகளின் முகத்தில் பட்டையும் மணியும் தொங்கலும் நிறைந்திருப்பது அக்கலையின் செழுமை; அதே செழுமையை உயிருள்ள குதிரையின் மீது ஏற்றும்போது ஒவ்வொரு மணியின் எடையும் உச்சிப்பட்டை வழியே காதடியில் இறங்குகிறது. எனவே அணிகளைக் கழற்றக்கூடியனவாக அமைத்து, ஊர்வலத்துக்கு மட்டும் பூட்டுவதே தகும்.

மூக்குப்பட்டைக்கடியில் இரு விரலும், தொண்டைப்பட்டைக்குள் விரித்த கையின் நான்கு விரல் அகலமும் இடைவெளி வேண்டும் என்னும் எளிய சோதனையை, பூட்டும் ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டும். ஏனெனில் குதிரை வளர்கிறது, இளைக்கிறது, பட்டையின் தோலும் நெகிழ்கிறது. இத்திருத்தத்தை உடனுக்குடன் செய்துதரும் வாய்ப்பு உள்ளூர்க் கைவினைஞரிடமே மிகுதி. அவ்வாய்ப்பைப் பயன்படுத்தும்போது கைவினைத் தலைப்பட்டை ஆயத்தப் பொருளை விஞ்சுகிறது. பயன்படுத்தாதபோது இரண்டுக்கும் குதிரையின் வலியில் வேறுபாடில்லை.