விக்கலும் தும்மலும்

அகப்பொருட் செய்யுட்களைப் பயிற்றுவோர் பிரிவையும் இரங்கலையும் விரித்துரைக்கும் அளவிற்கு நகையை விரித்துரைப்பதில்லை. காதல் என்றாலே கண்ணீர் என்றோர் எண்ணம் எவ்வாறோ வேரூன்றிவிட்டது. செய்யுளில் சிரிப்புத் தோன்றினால், ‘ஈண்டு நகைச்சுவை நயம் காண்க’ என்று ஒருவரியில் குறித்துவிட்டு உவமைக்குப் போய்விடுவதே வகுப்பறை வழக்கம். அச்சிரிப்பு அங்கே என்ன தொழில் செய்கிறது, அதனை விளைத்தவர் யார் என்னும் வினாக்கள் எழுவதில்லை.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினுள் நகையை முதலாவதாக வைத்தார். உவகையை இறுதியில் வைத்தார். நகை பிறக்கும் நிலைக்களன்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு. உவகைக்குரிய நான்கனுள் விளையாட்டும் ஒன்று. வடமொழியில் பரதரின் நாட்டிய சாத்திரமோ சிருங்காரத்திலிருந்தே ஹாசியம் பிறக்கும் என்கிறது. தொல்காப்பியரின் வைப்புமுறையில் ஆழ்ந்த உட்பொருள் உண்டென்று வலிந்து கூற வேண்டியதில்லை. எனினும், சிரிப்பில் தொடங்கிக் காதலில் முடியும் கதைகளைத் தமிழ்ப் புலவர்கள் நன்கறிந்திருந்தனர் என்பதற்குக் கலித்தொகை ஒன்றே போதிய சான்று.

குறிஞ்சிக்கலி கபிலர் பாடியது என்பது மரபு. அதனுள் 51ஆம் செய்யுளைப் பள்ளியில் படியாத தமிழ் மாணவர் அரியர். தலைவி தோழிக்குப் பழங்கதை ஒன்றை நினைவூட்டுகிறாள். சிறுவயதில் இவர்கள் கட்டிய மணல் வீட்டைக் காலால் சிதைத்தவன், கூந்தலிற் சூடிய மாலையை அறுத்தவன், பந்தைப் பறித்துக்கொண்டு ஓடியவன் ஒருவன். அவன் ஒருநாள் வாயிலில் வந்து நின்று தண்ணீர் கேட்கிறான். தாய் பொற்கலத்தில் நீர் கொடுத்து வா என்கிறாள். வந்தவன் இன்னான் என்றறியாமல் மகள் நீரோடு செல்ல, அவன் வளையணிந்த முன்கையைப் பற்றிவிடுகிறான். அவள் அலறுகிறாள். தாய் பதறி ஓடி வருகிறாள். மகள் சொல்கிறாள், நீர் குடிக்கையில் இவனுக்கு விக்கிக்கொண்டது என்று. தாய் அவன் முதுகைத் தடவிக் கொடுக்கிறாள். அவனோ கடைக்கண்ணால் கொல்வான் போல் நோக்கி ஒரு சிரிப்புச் சிரித்தான்; திருட்டுப்பயல் என்று செல்லமாக வைது கதையை முடிக்கிறாள் தலைவி.

இச்செய்யுளை ‘இளைஞனின் குறும்பு’ என்று தலைப்பிட்டுச் சொல்லுவார் பலர். அது செய்யுளின் பாதியைத்தான் கண்ட பேச்சு. மணல் வீட்டை உதைப்பதும் பந்தைப் பறிப்பதும் குறும்பு என்பது உண்மையே; ஆனால் அவற்றில் நகையில்லை. பறிகொடுத்த சிறுமிகள் அன்று சிரித்ததாகவும் கபிலர் சொல்லவில்லை. கையைப் பற்றியதிலும் நகையில்லை, அலறலே உண்டு. செய்யுளில் முதற்சிரிப்பை விளைப்பது ‘விக்கல்’ என்னும் அவளுடைய பொய். ஒரு நொடியில் புனைந்த அப்பொய்யால் தாயின் அச்சம் அருளாக மாறுகிறது. அடிபட வேண்டிய முதுகு தடவப்படுகிறது. நகையை ஆக்கியவள் அவள். அதனை ரசித்துச் சிரிப்பவன் அவன்.

இங்கே ஓர் இலக்கணம் நினைவுகூரத்தக்கது. தன் வேட்கையைத் தலைவன் முன் தானே எடுத்துரைத்தல் தலைவிக்கு இல்லை என்பது களவியல் விதி. வாய்திறந்து ‘விரும்புகிறேன்’ என்னக் கூடாதவள் என்ன செய்வாள்? விக்கல் என்பாள். அச்சொல் தாய்க்கு ஒரு பொருளையும் அவனுக்கு வேறொரு பொருளையும் தருகிறது. இருவர் மட்டும் அறிந்த ஒரு பொருள் பிறந்துவிட்டால் அங்கே காதலும் பிறந்துவிட்டது என்றே கொள்ளலாம். ஆதலின் இவ்விடத்து நகையை அணி என்பது குறைமதிப்பு. அதுவே அவளுடைய இசைவு.

இன்றைய வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, ‘கேளாமற் கையைப் பிடித்தது முறையா?’ என்று கேட்டால் ஆசிரியர் சினங்கொள்ளலாகாது. கேட்கத்தக்க கேள்வியே அது. முறையன்று என்பதைச் செய்யுளே அலறலாகப் பதிந்து வைத்திருக்கிறது. அவள் உண்மையைச் சொல்லியிருந்தால் அது வேறு செய்யுளாகியிருக்கும், அவனுக்குத் தலைகுனிவாகியிருக்கும். சொல்வதா மறைப்பதா என்னும் உரிமை முழுதும் அவள் கையில் இருந்தது. அவள் சிரிப்பாக்கிய பின்னரே அது சிரிப்பாயிற்று. இதனை விட்டுவிட்டு, தீண்டலே விளையாட்டு என்று பாடஞ் சொல்வது கபிலர்க்கும் நீதி செய்வதாகாது.

அயல்நாட்டு உளவியலாரும் இப்பொருளை ஆராய்ந்துள்ளனர். எரிக் பிரெஸ்லரும் அவருடன் ஆராய்ந்த இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வின்படி, பெண்கள் தம்மைச் சிரிக்க வைக்கும் ஆணை நாடுகின்றனர். ஆண்களோ தம் வேடிக்கைக்குச் சிரிக்கும் பெண்ணை நாடுகின்றனர். ஆண் ஆக்குவோன், பெண் நுகர்வோள் என்பது இதன் சாரம். திரைப்படங்களைப் பார்த்துப் பழகியவர்க்கு இது புதுமையன்று. ஆனால் நம் பழம்பாட்டுகளில் காணும் வழக்கம் இதற்கு நேர்மாறானது என்பதைக் குறளும் காட்டுகிறது.

புலவி நுணுக்கம் என்னும் 132ஆம் அதிகாரத்தைக் காண்க. ஊடியிருக்கும் மனைவியைப் பேசவைக்கக் கணவன் வலியத் தும்முகிறான்; தும்மினால் வாழ்த்தியாக வேண்டுமன்றோ? நம் பாட்டிமார் ‘நூறு’ என்று சொல்வதும் அவ்வழக்கமே. அவன் வல்லமை அவ்வளவுதான். அவள் பக்கத்து நுணுக்கமோ வேறு. ஒரு குறளில் அவனை வாழ்த்திய வாயாலேயே, யார் நினைத்ததால் தும்மினீர் என்று அழுகிறாள். தும்மலை அடக்கினாலும் குற்றம், நினைப்பவளை மறைக்கிறானாம். எல்லாரினும் உன்னையே விரும்புகிறேன் என்றால், யாரினும் என்று மடக்குகிறாள். நினைத்தேன் என்றால், அப்படியாயின் இடையில் மறந்தீர் என்கிறாள். சொல்லின் ஒவ்வோர் இடுக்கிலும் நுழைந்து வரும் இவ்வறிவைப் ‘பெண்பேதைமை’ என்பார் உண்டு. வழக்குமன்றத்தில் குறுக்கு விசாரணை செய்பவர் இவளிடம் பாடங் கேட்கலாம்! இவற்றுட் பலவற்றைத் தோற்றவனே வாய்நிறையச் சொல்லி மகிழ்கிறான் என்பதும் கருதத்தக்கது.

எள்ளல் எல்லாம் இனிப்பதில்லை. கலித்தொகை 94ஆம் செய்யுளில் கூனியும் குறளனும் ஒருவர் உடலை ஒருவர் இகழ்ந்து, பிறகு தழுவிக்கொள்கின்றனர். ஆமையைத் தூக்கி நிறுத்தியது போல நடக்கிறான் என்கிறாள் அவள்; முன்னே தழுவினால் நெஞ்செலும்பு குத்தும், பின்னே தழுவினால் கூன் கூச்சங்காட்டும் என்கிறான் அவன். அவர்களுக்குள் அது சமமான ஆட்டம். ஆனால் அரண்மனையார் வேடிக்கை பார்க்கும்படி அமைத்த காட்சியில் படிப்பவர் சிரிப்பது அவர்களோடா, அவர்களைப் பார்த்தா என்னும் நெருடல் நீங்குவதில்லை. இரவுக்குறியிடத்தில் காதலனுக்கு மாறாகக் கிழப்பார்ப்பான் வந்து நிற்கும் 65ஆம் செய்யுளில் இந்நெருடல் குறைவு. அதைச் சொல்லிச் சிரிப்பவள் ஏமாந்த தலைவியே. புலிக்கு விரித்த வலையில் நரி விழுந்ததாம்.

எள்ளலுக்கு எல்லை வகுத்தது நம் உறவுமுறை. யாரைக் கேலி செய்யலாம், யாரைச் செய்யலாகாது என்பதை முறைப்பெண், முறைமாப்பிள்ளை, மைத்துனி, கொழுந்தன் என்னும் சொற்களே அறுதியிட்டன. மானிடவியலார் ராட்கிளிஃப்-பிரௌன் 1940இல் இத்தகைய கேலியுறவைப் பற்றித் தனிக்கட்டுரை எழுதினார். பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணிமார் ஒரே ஊரிலிருந்து உறவுக்காரரைத் திரட்டி வந்ததால் இம்முறை கடல்கடந்தும் அறுபடவில்லை. பால்மரக் காட்டிலும் லயத்து வாசலிலும் மச்சானை வம்புக்கிழுக்கும் பேச்சு ஓயாது கேட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டபின் ஈப்போ, குனோங் ராபாட் பக்கம் குடிவந்த குடும்பங்களில், திருமண வீட்டு மஞ்சள்நீரோடும் கிண்டலோடும் அது எஞ்சி நிற்கிறது. முறை அறியாத நகர இளைஞன் அதே கிண்டலைப் பேருந்து நிலையத்தில் முன்பின் அறியாதவளிடம் காட்டும்போது அது வசையாகிவிடுகிறது. சொல் ஒன்றே; திருப்பிச் சொல்லும் உரிமை அவளுக்கு அங்கே இல்லை.

திருப்பிச் சொல்லும் உரிமையின் முழு அழகைத் திரிகூடராசப்பக் கவிராயர் பாடிய குற்றாலக் குறவஞ்சியிற் காணலாம். குறிசொல்லப் போன சிங்கி நெடுநாளாக வரவில்லை. தேடிக் களைத்த சிங்கன், உடல் நிறைய அணிகளோடு நிற்பவளைக் காண்கிறான். நகை என்னும் சொல்லுக்குச் சிரிப்பு, அணி என்னும் இருபொருளும் உண்டு. இவ்விடத்தில் இரண்டும் கூடிவிட்டன. அவன் உள்ளத்தில் ஐயம். அதனை நேரே கேட்கும் துணிவில்லாமல், காலில் விரியன் பாம்பு கிடப்பதேன் என்கிறான். சேலத்தில் குறிசொல்லிப் பெற்ற சிலம்பு அது என்கிறாள் அவள். தன் தொழிலால் ஈட்டிய பொருள் என்னும் மிடுக்கும் அதில் ஒலிக்கிறது. சிங்கன் அதற்குமேல் சிலம்பைப் பற்றிக் கேட்கவில்லை. அதன்மேல் முறுக்கிக்கொண்டு கிடக்கும் தண்டைக்குப் போய்விடுகிறான்.