அச்சமா, அன்பா? ‘தி எக்ஸார்சிஸ்ட்’ நமக்கு விட்டுச்சென்றது

1973 டிசம்பர் 26-ஆம் நாள் அமெரிக்காவில் வெளியான ‘தி எக்ஸார்சிஸ்ட்’ திரைப்படம் ஐம்பது ஆண்டுகளைக் கடந்தும் பேசப்படுகிறது. அதைக் கண்டு அரங்கிலேயே மயங்கி விழுந்தவர்கள் உண்டு. பத்து ஆஸ்கர் பரிந்துரைகளையும் அது பெற்றது. ஆயினும் பலருடைய நினைவில் எஞ்சியிருப்பது சிறுமி ரீகனின் சுழலும் தலையும் அவள் உமிழ்ந்த பச்சை வாந்தியுமே. படத்தின் உயிர் அங்கே இல்லை.

1971-இல் மூல நாவலை எழுதிய வில்லியம் பீட்டர் பிளாட்டி, இயேசு சபையினரின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் பயின்ற கத்தோலிக்கர். அவர் எழுதிய திரைக்கதையில் இறைநம்பிக்கையற்ற தாய் தன் மகளை முதலில் மருத்துவர்களிடமே அழைத்துச் செல்கிறாள். மனநல மருத்துவருமான அருள்தந்தை கர்ராஸ், பேயோட்டுதலுக்கு எளிதில் இசைவதில்லை. ஆயரின் அனுமதி கிடைத்த பின்னரே சடங்கு தொடங்குகிறது. உளநோய் மருத்துவத்துக்கு உரியது என்றும், பேயோட்டுமுன் அது நோயன்று என உறுதிசெய்ய வேண்டும் என்றும் 1992-ஆம் ஆண்டின் திருச்சபை மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. மனநோயை அலகையின் செயலென்று தாமே முடிவுசெய்து, மருத்துவத்தைத் தள்ளிப்போடும் குடும்பங்கள் இதை உணர்தல் வேண்டும்.

கர்ராஸ் விசுவாசத்தில் தளர்ந்தவர். அவருடைய தாய் தனிமையில் இறந்து, சில நாள் கழித்தே உடல் கண்டெடுக்கப்பட்டது. அந்தக் குற்றவுணர்வையே தீயோன் தாக்குகிறான். தாயின் குரலிலேயே பேசுகிறான். இந்தச் சிறுமியை ஏன் தேர்ந்தான் என்று கர்ராஸ் வினவ, சுற்றி நிற்போர் தம்மை இழிந்தவராகக் கண்டு, கடவுள் தம்மை அன்பு செய்யக்கூடும் என்பதையே மறுக்க வேண்டும், அதுவே அவன் நோக்கம் என்று முதிய குரு மெர்ரின் விளக்குகிறார். கதையின் திறவுகோலாகிய இவ்வுரையாடலை இயக்குநர் வில்லியம் பிரீட்கின் 1973-இல் நீக்கிவிட்டார். 2000-இல் வெளியான பதிப்பிலேதான் அது மீண்டும் இடம்பெற்றது.

படத்தின் பெருங்குறை இதுவே. விளக்கம் வெட்டப்பட்டு அதிர்ச்சி மட்டும் நின்றதால், இறுதியில் தீமையே வென்றது என எண்ணியோர் பலர். அது பிளாட்டிக்கு நெடுநாள் மனக்குறையாக இருந்தது. பின்வந்த பேய்ப்படங்கள் பலவும் அந்த அதிர்ச்சியைக் கற்றனவேயன்றி அதன் வினாவைக் கற்கவில்லை.

தீயோனைத் தன்னுள் வருமாறு அழைத்து, சன்னல் வழியே பாய்ந்து உயிர்விடும் கர்ராஸின் செயல் இறையியல் நோக்கில் வாதத்துக்குரியதே. எனினும் முன்பின் அறியாத ஒரு குழந்தைக்காக அவர் தம்மையே கையளிக்கிறார் என்பதில் ஐயமில்லை. படிக்கட்டின் அடியில் குற்றுயிராய்க் கிடக்கும் அவருடைய கையைப் பற்றி, நண்பரான குரு பாவமன்னிப்பு வழங்குகிறார். பேச இயலாத அவருடைய விரல்கள் மெல்ல அசைகின்றன.

இக்காட்சியில் ஆரவாரம் இல்லை. ஆதலால் இதை நினைவிற்கொள்வோர் சிலரே. அலகையின் வல்லமையைக் கண்டு அஞ்சி எழுந்து செல்பவர் பாதிப் படத்தையே பார்த்தவர். தாம் அன்பு செய்யப்படத் தகுதியற்றவர் என்று சோர்ந்திருப்போருக்கு, அசையும் அவ்விரல்களே இப்படம் தரும் மறுமொழி.